மிஷினுக்கு வெள்ளிக்கிழமை

அன்றைக்குக் கடைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, பீளமேட்டிலிருந்து மொபெட்டில் வந்த கம்ப்யூட்டர்காரர், கடைக்கு இடம் விட்டிருந்த வீட்டுக்காரர், மகளுக்குப் பொருத்தம் பார்க்கத் தொண்டாமுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்ட ஓர் அம்மா. ஆறாவதாக யாராவது வாசலில் நின்றார்களா என்று இப்போதும் சில சமயம் யோசித்துப் பார்ப்பேன். கூரியர்காரர் வந்தது அதற்குப் பல நாள் முன்னால். போனில் பேசிய பெண்ணைச் சேர்த்தால் ஆறுதான். ஆனால் அவர் மெட்ராஸில் இருந்தார். ஆகவே ஐந்து பேர். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நான் வெளியே தெரியாமல் வைத்திருந்த ஒரு காரியம் அன்று மதியம் அத்தனை பேர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தது.

கடை என்றால் பெரிய கடை இல்லை. காந்திபுரம் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு வீட்டின் முன்னறை. 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று தகரப் பலகை. பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர் இவற்றைத் தட்டிவிட்டால் மிஷின் கட்டம் போட்டு, திசை புத்தி போட்டு, பதினாறு பக்கம் கரகரவென்று அச்சடித்துத் தரும். எனக்கு ஜோசியம் தெரியாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் இருந்தவன். மில்லை மூடியபோது கையில் கிடைத்ததை வைத்து, யாரோ வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரையும் அதற்குள் இருந்த ஜாதக புரோகிராமையும் வாங்கினேன். அந்தப் புரோகிராமைச் செய்தது மெட்ராஸில் இருந்த ஒரு சின்ன கம்பெனி. லைசென்ஸை என் பெயருக்கு மாற்றிக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன்.

இப்போது அந்த ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

ஜாதகத்தின் கடைசிப் பக்கத்தில், அடியில், 'கணித்த நாள்' என்று ஒரு வரி வரும். அந்தத் தேதியை நான் தட்டுவதில்லை. மிஷின் தனக்குள் ஓடும் தேதியைத் தானே எடுத்துக்கொண்டு, அன்றைய கிழமை, திதியோடு போட்டுவிடும். கடை திறந்த புதிதில் ஒருவர் ஜாதகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். "ஏனுங்க, புள்ளையோட ஜாதகத்தை நவமியில எழுதியிருக்கறீங்க? இதைக் கொண்டுபோய் எந்த ஊட்டுல குடுக்கறது?" என்றார். நவமியன்று வந்து கேட்டவரே அவர்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுபடியும் இலவசமாக அடித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். அஷ்டமி, நவமி, கரிநாள், செவ்வாய், சனி என்று எது வந்தாலும், வேலையைத் தொடங்கும் முன் மிஷினின் தேதியைப் பக்கத்தில் இருக்கும் ஒரு நல்ல நாளுக்கு மாற்றிவிடுவேன். அச்சடித்த பிறகு பழையபடி வைத்துவிடுவேன். கறுப்புத் திரையில் தேதி கேட்கும் கட்டளையைத் தட்டினால் போதும், ஒரு நிமிஷ வேலை. வாடிக்கையாளருக்குத் திரை தெரியாதபடி மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தேன். என் மனைவிக்கு மட்டும் தெரியும். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. நாளைப் பற்றிச் சொல்லும் கடையே நாளை மாற்றுகிறது என்று வெளியே தெரிந்தால் எவன் வருவான்? இந்தப் பயம் எனக்குச் சாப்பிடும்போதுகூட உண்டு.

எதிர்ச் சாரியில் இன்னொரு கடை வந்தது. அங்கே திரையிலேயே தமிழ் எழுத்து அழகாகத் தெரியும், ராசிக் கட்டம் கலரில் இருக்கும். அது விண்டோஸில் ஓடுகிறது என்றார்கள். என்னுடையது பழைய டாஸ், வெறும் கறுப்புத் திரை. அதே சமயத்தில் மெட்ராஸ் கம்பெனியிலிருந்தும் கூரியரில் ஒரு பெட்டி வந்தது: எங்கள் புரோகிராமும் புதிதாக வந்துவிட்டது, விண்டோஸில்தான் ஓடும், பழைய வாடிக்கையாளர்களுக்குச் சலுகை. கூடவே இங்கிலீஷில் நான்கு பக்கம் நிபந்தனைகள்.

அதை வீட்டுக்காரரிடம்தான் காட்டினேன். அவர் மில்லில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்ச்சில் கணக்கு எழுதுபவர். ஜாதகத்தில் துளியும் நம்பிக்கை இல்லாதவர். ஆனால் நான் வாங்கும் பேப்பரைப் படிக்கத் தினமும் என் கடையில்தான் உட்காருவார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்கு பக்கத்தையும் படித்தார்.

"புது மிஷினுல போட்டதும் திரையில ஒரு நம்பர் வருமாம். அதை மெட்ராஸுக்குப் போன் பண்ணிச் சொல்லோணும். அவங்க ஒரு பதில் நம்பர் குடுப்பாங்க. அதைத் தட்டுனாத்தான் தொறக்கும்."

"தட்டலைன்னா?"

"தொறக்காது."

"தப்பாத் தட்டுனா?"

அவர் மூன்றாவது பக்கத்துக்குப் போனார். "மூணு தடவை தப்பாத் தட்டுனா பூட்டிக்குமாம். அப்பறம் லைசென்ஸ் செல்லாது. புதுசா வாங்கோணும்."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. நாலாவது பக்கத்தில் வேறு என்னவோ இருந்தது. அதைக் கேட்டிருக்க வேண்டும். மூன்று தடவை, மூன்று தடவை என்றே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் புரோகிராம் பூட்டிக்கொண்டால் என் கடையில் மிச்சம் ஒரு மேசை, ஒரு ஸ்டெபிலைசர், ஒரு பிரிண்டர். அதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன கணித்துக் கொடுப்பது?

"வெசனப்படாதப்பா. மூணு தடவை தப்பாத் தட்டறதுக்கு நீ என்ன கண்ணு தெரியாதவனா?" என்றார் வீட்டுக்காரர்.

கம்ப்யூட்டர்காரர் மூன்று முறை வருவதாகச் சொல்லி வரவில்லை. நான்காவது முறை ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்து நின்றார். அவர் மொபெட்டை நிறுத்தும் சத்தம் கேட்டபோதுதான் நான் தினசரி காலண்டரைக் கிழித்தேன். அஷ்டமி. அடுத்த நாள் நவமி. வெள்ளிக்கிழமைதான் தசமி. அவரைத் திருப்பி அனுப்பினால் இனி எப்போது வருவாரோ. வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளே தொண்டாமுத்தூர் அம்மா ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷத்துக்கு முன்னால் மகளின் ஜாதகத்தை என்னிடம்தான் அடித்து வாங்கிப் போனவர். ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் பண்ணும் வீட்டிலிருந்து மாப்பிள்ளை ஜாதகம் வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பொருத்தம் பார்த்துத் தர வேண்டும். இரண்டும் அவர் மடியில், மஞ்சள் பையில் இருந்தன.

"சித்த நேரம் ஆகுமுங்க்கா. மிஷினைப் புதுசு பண்றமுங்க" என்றேன்.

"பண்ணுங்க தம்பி. பொழுது சாயறதுக்குள்ள என்னை அனுப்பிப்போடுங்க. இருட்டுக் கட்டினா எங்க தென்னந்தோப்புப் பக்கம் யானை வந்து நிக்குது. போன வாரம் பம்ப்செட் ரூம் கதவையே சாய்ச்சுப்போட்டுப் போயிருச்சு."

கம்ப்யூட்டர்காரர் ஒரு பெட்டியிலிருந்து பிளாப்பிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். பதின்மூன்று. என் மிஷினில் சிடி போடும் வசதி இல்லாததால் இப்படி. நான் எண்ணிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன்.

"என்னுங்க எண்ணறீங்க, முறுக்கா?" என்றார் அவர்.

"இல்லீங்க, ஏழாவதோ எட்டாவதோ கெட்டுப்போயிருந்தா என்னுங்க பண்றது? பாதிப் பழசு, பாதிப் புதுசுன்னு நின்னுக்குமா?"

"நின்னுக்கும்."

"அப்பறம்?"

"அப்பறம் நீங்களும் நானும் ஒக்காந்து அழுவலாம். தள்ளுங்க, மின்விசிறிக் காத்து வரட்டும்."

முதல் பிளாப்பி போட்டார். திரையில் ஏதோ இங்கிலீஷ் வந்தது. பழைய விண்டோஸ் பிளாப்பி இருக்கிறதா என்று கேட்டார். மிஷினை எனக்கு விற்றவர் கொடுத்த அட்டைப் பெட்டியில் ஒன்று இருந்தது. நான் அதை ஒருநாளும் பயன்படுத்தியதில்லை, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததோடு சரி. அவர் அந்தப் பொட்டைச் சட்டையில் துடைத்துவிட்டுச் செருகினார். "இது மேம்படுத்தற பிளாப்பிங்க. பழசு உங்ககிட்ட இருக்குதுன்னு காட்டினாத்தான் புதுசு உள்ள போகும்" என்றார்.

"பழைய ரேஷன் கார்டைக் காட்டிப் புதுசு வாங்கற மாதிரி" என்றார் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

பிறகு அது ஒரு நீண்ட எண்ணைக் கேட்டது. அட்டையில் அச்சடித்திருந்ததை நான் ஒவ்வொன்றாகப் படிக்க, அவர் தட்டினார். முடித்ததும் ஏற்றுக்கொண்டுவிட்டது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "மூணு தடவையில ஒண்ணு போயிருச்சுங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இது விண்டோஸோட நம்பருங்க. அந்த மூணு தடவை உங்க ஜாதகத்தோடது. அது வேற, இது வேற."

"சரீங்க" என்றேன். எது எது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்றால் புரியும். இங்கே பூட்டுக்குள் பூட்டாக இருந்தது. சாவியெல்லாம் காகிதத்தில் இருந்தது. போதாததற்கு ஒரு சாவி மெட்ராஸில் இருந்தது.

பதின்மூன்றாவது பிளாப்பியும் உள்ளே போய் வந்தபோது மணி பன்னிரண்டு. மிஷின் தானாக அணைந்து தானாக எரிந்தது. கம்ப்யூட்டர்காரர் சோம்பல் முறித்தார். "டீ குடிச்சுப்போட்டு வாரேன். அதுவா ஏதாவது கேக்கும். எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருவைத் தாண்டியிருக்க மாட்டார். திரையில் ஒரு காலண்டர் வந்தது. நிஜமான காலண்டர் மாதிரியே மாதம், கிழமை, கட்டம் கட்டமாகத் தேதிகள். அன்றைய புதன்கிழமை மட்டும் நீலமாக இருந்தது. பக்கத்தில் ஒரு கடிகாரம், முள்ளோடு ஓடியது. எனக்குப் பின்னால் வந்து நின்ற என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, தேதி கேக்குதுங்களா?" என்று காதோரமாகச் சொன்னாள்.

"ம்."

"புது மிஷினாட்ட எந்திரிக்கப் போவுது. அஷ்டமியிலயா எழுப்பறது? எப்பவும் மாத்தறதுதானுங்களே."

"தொடாதீங்கன்னு சொல்லிப்போட்டுப் போயிருக்காரு அம்மணி."

"மத்ததைத் தொட வேண்டாமுங்க. தேதியை மட்டும் வெள்ளிக்கிழமைக்கு நகத்துங்க. தசமி. ஆரு கேக்கப் போறாங்க?"

மூன்று வருஷப் பழக்கம். கம்ப்யூட்டர்காரர் புதிதாக மாட்டியிருந்த மவுஸ் என்கிற எலியைப் பிடித்து நகர்த்துவது எனக்கு அன்றுதான் முதல் தடவை. அம்பு வியாழனில் போய் நின்றது, நவமி. பதறிப்போய் இன்னும் ஒரு கட்டம் தள்ளினேன். வெள்ளிக்கிழமை நீலமானது. பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். தொண்டாமுத்தூர் அம்மா வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர்காரர் வந்ததும் திரையில் இருந்த அந்தக் காலண்டரைப் பார்க்காமலே மூடினார். நல்லபடியாக ஆயிற்று என்று நினைத்தேன்.

பழைய ஜாதக புரோகிராமை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினார். நிபந்தனைத் தாளில் இருந்தபடியே ஒரு பன்னிரண்டு இலக்க எண் வந்தது. வீட்டுக்காரரின் போனைச் சன்னல் கம்பி வழியாக எடுத்து என் மேசையில் வைத்தோம். வயர் நீளமானது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்; வெளியூர் போன் என்றால் அவருக்கு உடம்பு பதறும்.

கம்ப்யூட்டர்காரர் எண்ணைச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெண் திருப்பிச் சொன்னார். பதில் எண் எட்டு இலக்கம். அவர் தட்டினார். சிவப்பாக ஒரு பெட்டி வந்தது.

"தப்புங்குது" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"ஒண்ணு போச்சு" என்றேன் நான்.

"அந்தப் பொண்ணுதான் தப்பாக் கணக்குப் போட்டிருக்கும். இருங்க." மறுபடி கூப்பிட்டார், லைன் கிடைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "மில்லுல ஒரு பிரிண்டர் நின்னுபோச்சுன்னு காலையில இருந்து கூப்பிடறாங்க. பார்த்துப்போட்டு மூணு மணிக்கு வாரேன். அதுவரைக்கும் கை வெக்காதீங்க."

இரண்டாவது தடவையாக அந்த மனுஷன் கை வைக்காதே என்று சொன்னார். இரண்டாவது தடவையாகவும் நான் கேட்கவில்லை. ஆனால் என் நிலைமையையும் பார்க்க வேண்டும். மணி இரண்டாகியும் தொண்டாமுத்தூர் அம்மா அந்தப் பெஞ்சிலேயே இருந்தார். என் மனைவி கொடுத்த தயிர்ச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, கடைசிப் பஸ்ஸுக்கு முந்தின பஸ் எத்தனை மணிக்கு என்று வீட்டுக்காரரிடம் விசாரித்தார். எதிர்க் கடையின் பலகையை ஒரு தடவை பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

நானே மெட்ராஸுக்குப் போன் போட்டேன். லைன் கிடைத்தது.

"சார், முன்னாடி கேட்டீங்களே அதே கடையா? நம்பரைத் திரும்பப் படிங்க சார்."

படித்தேன். வீட்டுக்காரர் என் தோளுக்கு மேல் குனிந்து, ஒவ்வோர் இலக்கத்துக்கும் தலையாட்டினார். அந்தப் பெண் பதில் எண் சொன்னார். எழுதினேன். திருப்பிப் படித்துக் காட்டினேன். போனை வைக்காமலே தட்டினேன். சிவப்புப் பெட்டி.

"ரெண்டு போச்சுங்க" என்றேன் போனில்.

"இருங்க சார், பதறாதீங்க. நம்பர்லாம் சரியாத்தான் இருக்கு. உங்க மிஷின்ல தேதி கரெக்டா இருக்கா? இன்னிக்குத் தேதிதானே?"

ஒரு பூட்டுக்கும் தேதிக்கும் என்ன சம்பந்தம்? புதன்கிழமை திறக்கிற சாவி வெள்ளிக்கிழமை திறக்காதா? எந்த ஊரில் இப்படிப் பூட்டு செய்கிறார்கள்? இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் தேதி மாறியிருப்பதைச் சொல்ல வேண்டும். மூன்றடி தள்ளி அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் இருக்கும் மகளின் ஜாதகத்தில், கடைசிப் பக்கத்தில், நான் போட்ட பொய்த் தேதி இருக்கிறது. அதைத்தான் ஈரோட்டுக்காரர்களிடமும் காட்டியிருக்கிறார்.

"என்னாங்க சார்? இன்னிக்குத் தேதிதானே?"

"ஆமாங்க" என்றேன்.

"அப்போ இன்னொரு பதில் நம்பர் தர்றேன், எழுதிக்குங்க. இது கடைசி சார். பார்த்துத் தட்டுங்க."

எழுதிக்கொண்டேன். போனை வைத்தேன். என்னை அறியாமல் ஒரு யோசனை வந்தது. அவர் இன்றைய தேதி என்று நினைத்துத்தான் எண் கொடுத்திருக்கிறார். அப்படியானால் மிஷினையும் இன்றைய தேதிக்கு வைத்துவிட்டுத் தட்டினால் சரியாகிவிடும் அல்லவா? பொய்யும் உண்மையாகிவிடும், யாருக்கும் தெரியவும் வராது. இதைவிட நல்ல வழி உண்டா என்றுதான் அப்போது தோன்றியது. திரையின் மூலையில் ஓடிய நேரத்தைத் தட்டினேன், காலண்டர் வந்தது. வெள்ளியிலிருந்து புதனுக்கு இரண்டு கட்டம் பின்னால் போனேன். என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டு இலக்கத்தையும் தட்டினேன்.

சிவப்புப் பெட்டி வரவில்லை. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். பிறகு திரை முழுவதும் மஞ்சளாகி, நான்கு வரி இங்கிலீஷ் வந்து நின்றது. எதை அழுத்தினாலும் அது போகவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர்காரர் உள்ளே வந்தார். வாசலிலிருந்தே மஞ்சளைப் பார்த்துவிட்டார். "கை வெச்சுட்டீங்களா?" என்றார்.

"என்னமோ சொல்லுதுங்க" என்றேன்.

"தள்ளு, நான் படிக்கறேன்" என்று வீட்டுக்காரர் வந்தார். சர்ச்சில் வசனம் வாசிப்பவர். அவருக்கு மெதுவாகப் படிக்கவே வராது. ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷில் படித்து, உடனே தமிழில் சொன்னார், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி.

"இந்தக் கம்ப்யூட்டரின் தேதி மாற்றப்பட்டிருக்கிறது. முன்னால் நகர்த்தி, பின்னால் இழுக்கப்பட்டிருக்கிறது. ஏமாற்றும் நோக்கம் என்று கருதி லைசென்ஸ் ரத்து செய்யப்படுகிறது." நிறுத்தினார். "ஓ, இது அந்த நாலாவது பக்கத்துல இருந்ததப்பா. தேதியை மாத்தக்கூடாதுன்னு போட்டிருந்துச்சு. நான் உனக்குப் படிச்சனே?"

படித்திருப்பார். எனக்கு மூன்றாவது பக்கத்தோடு காது அடைத்துவிட்டது.

பிறகு கம்ப்யூட்டர்காரர் கேட்டார். "தேதியை எதுக்குங்க மாத்துனீங்க?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். எல்லோரும் அந்தக் காலண்டரைப் பார்த்தார்கள். அஷ்டமி என்று பெரிதாக அச்சடித்திருந்தது.

"அட கெரகமே" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏப்பா, ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் நாள் சொல்ற மிஷினுக்கு நீ நாளைப் பொய் சொல்லியிருக்கறயே. அதுக்குக் கோவம் வராதா?"

நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே பேசினேன். நாக்கு உளறியது. "அக்கா, உங்க புள்ளை ஜாதகத்துலயும்... கணித்த நாளுன்னு போட்டிருக்கறது... அது வந்துங்க, உள்ள இருக்கற கணக்கெல்லாம் சரிதானுங்க. அந்த ஒரு வரி மட்டும்..."

"தெரியுமுங்க தம்பி" என்றார் அவர்.

"என்னுங்க்கா தெரியும்?"

"அன்னிக்கு நான் வந்தது செவ்வாய்க்கெழமைங்க. உழவர் கூட்டத்துக்கு வந்தவ, அப்படியே இக்கட்ட உங்க கடைக்கு வந்தேன். ஊட்டுக்குப் போய்ப் பார்த்தா புதன்னு இருந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு, 'பரவால்ல, நம்ம கேக்காமயே நல்ல நாளாப் பார்த்துப் போட்டிருக்கறாரு, வெவரமான ஆளு'ன்னாரு." வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார். "அதுக்குத்தானுங்க மறுக்காவும் உங்ககிட்டயே வந்தேன். எதுத்தாப்புல இருக்கற கடையில அப்படியே அன்னன்னிக்குத் தேதியைப் போட்டுப் போடறாங்களாமா."

எனக்கு இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. இவரிடமிருந்து மறைக்கத்தான் அந்த 'ஆமாங்க'வைச் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் தேதியைச் சரிசெய்யும் வழியைச் சொல்லியிருப்பார். இவருக்கோ ஒரு வருஷமாகத் தெரியும். அப்படியானால் இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும்? நவமி என்று சண்டை போட்டவருக்கும் தெரிந்திருக்குமோ? மூன்று வருஷமாக நான் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த மேசை யாருக்காக?

மறுபடியும் மெட்ராஸுக்குப் போன் போட்டேன். இந்த முறை ஒளிக்க ஒன்றும் இல்லை. எல்லோர் முன்னாலும் சத்தமாகவே சொன்னேன்: தேதியை நான்தான் மாற்றினேன், வெள்ளிக்கிழமைக்கு வைத்தேன், கேட்டபோது பொய் சொன்னேன், பிறகு புதனுக்கு இழுத்தேன், பூட்டிக்கொண்டது.

"எதுக்கு சார் மாத்தினீங்க?"

"இன்னிக்கு அஷ்டமிங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் போனை மூடிக்கொண்டு யாரிடமோ பேசிவிட்டு வந்தார். "மேனேஜர்கிட்ட கேட்டேன் சார். பழைய லைசென்ஸைத் திறக்க வழியில்லையாம், அது மிஷினே பண்றது. புதுசு எடுக்கணும். உங்களுக்காகக் குறைச்சு ஆயிரத்தைந்நூறு போடறோம்னு சொல்றார். பாதி இப்போ டிராப்ட் எடுங்க, மீதி ஒரு மாசத்துல அனுப்புங்க."

"இப்பவே பில் போட்டு நம்பர் குடுத்துருங்களேன். நாளைக்குக் காலையில பேங்க் தொறந்ததும் டிராப்ட் எடுத்துப்போடறேன். இங்க ஒரு அக்கா காலையில இருந்து காத்திருக்கறாங்க."

"இல்ல சார், இன்னிக்கும் நாளைக்கும் முடியாது. வெள்ளிக்கிழமைதான்."

"ஏனுங்க?"

"எங்க ஆபீஸ்ல அஷ்டமி, நவமியில புது பில் போட மாட்டோம் சார்."

அதைப் போனை வைத்த பிறகு நான் மற்றவர்களிடம் சொன்னபோது வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். உள்ளே அவர் தன் சம்சாரத்திடம் அதைச் சொல்லிச் சிரிப்பது சன்னல் வழியாகக் கேட்டது. கம்ப்யூட்டர்காரர் பதின்மூன்று பிளாப்பிகளையும் பெட்டியில் அடுக்கினார். அவற்றை இந்த முறை அவரே எண்ணினார்.

தொண்டாமுத்தூர் அம்மா மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எதிர்க் கடைக்குத்தான் போகப்போகிறார் என்று நினைத்தேன். போனாலும் தப்பில்லை. ஈரோட்டுக்காரர்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

"அப்ப வெள்ளிக்கெழம வாரேனுங்க தம்பி. அஷ்டமியில பொருத்தம் பார்க்கறதுக்கு எனக்கும் மனசே இல்லீங்க. நீங்க வரச் சொன்னதா எங்க ஊட்டுக்காரரு சொன்னாரு, அதனால வந்தேன்."

நான் வரச் சொல்லவில்லை. அவர் கணவர் என்னிடம் பேசியதாகவே நினைவில்லை. அதை இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது என்று, "சரீங்க்கா, பார்த்துப் போங்க" என்றேன்.

வியாழக்கிழமை காலை பேங்கில் டிராப்ட் எடுத்தேன். டிராப்டில் நவமித் தேதி விழுந்தது. அதை என்னால் மாற்ற முடியவில்லை. அதன் நகலை ஃபேக்ஸில் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்குள்ளேயே, மெட்ராஸ் ஆபீஸில் பில் போட்ட பிறகு, அதே பெண் எண் சொன்னார். கம்ப்யூட்டர்காரர் தட்டும்வரை நான் தெருவில் நின்றேன். உள்ளேயிருந்து என் மனைவி, "தொறந்துருச்சுங்க" என்று கத்தினாள். ராகு காலம் கழிந்து பன்னிரண்டரைக்கு அந்த அம்மா வந்தார். பத்துக்கு ஏழு பொருத்தம். ரஜ்ஜு இருந்தது. கடைசிப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை, தசமி என்று அச்சானது. அதை நான் இரண்டு தடவை காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு தேதியை மாற்றுவதில்லை. யாராவது அஷ்டமியன்று வந்து கேட்டால், வெள்ளிக்கிழமை வாங்க என்று சொல்லிவிடுவேன். அதனால் வியாபாரம் குறைந்ததா கூடியதா என்பது எனக்குத் தெளிவாகவில்லை. சிலர் எதிர்க் கடைக்குப் போனார்கள். சிலர், "இந்தாளு நாள் பார்த்துத்தான் தொடுவாரு" என்று ஊரிலிருந்து வேறு ஆட்களையும் கூட்டிவந்தார்கள்.

மீதிப் பணத்தை ஒரு மாதத்தில் அனுப்ப வேண்டும். இரண்டு மாதமாகிவிட்டது. மணியார்டர் செய்தேன். அந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றார் கம்ப்யூட்டர்காரர். வேறு பெயரில் வேறு தெருவில் நடத்துகிறார்கள் என்றார் இன்னொருவர். பணம் வராததால் மிஷின் என்றைக்காவது திடீரென்று மஞ்சளாகிவிடுமோ என்று கடையைக் கடைசியாக மூடிய நாள்வரை தினமும் காலையில் பயந்துகொண்டேதான் சுவிட்சைப் போட்டேன். ஆகவில்லை. யாரும் கேட்டும் வரவில்லை. யாரிடம் கொடுப்பது என்றும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த லைசென்ஸ் வகையில் நான் இன்னும் கொடுக்க வேண்டியது எழுநூற்றைம்பது ரூபாய்.